அண்ணனுக்கு நேரம் கிடைக்கும்போது

பெரியவரின் வலது தோள் இன்றைக்கும் எழும்ப மாட்டேன் என்றது. இடது கையால் வலது கையைத் தூக்கி, குழந்தைக்கு மாட்டுவது போலச் சட்டைக் கைக்குள் நுழைக்க வேண்டியிருந்தது. முப்பத்தோரு வருஷம் அண்ணாந்து நின்று, தலைக்கு மேல் கையை நீட்டி, வண்டிகளின் வயிற்றைக் கழற்றி மாட்டிய தோள். அது கெஞ்சுகிறது என்பதற்காக வேலை நிற்குமா?

"தைலம் தேய்ச்சு விடட்டுமா?" என்றாள் மனைவி.

"தேய்ச்சா மட்டும் புதுசாயிடுமா? விடு. இன்னிக்குச் சுண்டெலி வருது."

அவள் கையில் எடுத்த தைலப் புட்டியை அப்படியே திரும்ப வைத்தாள். சுண்டெலி என்றால் இந்த நாலு மாதமாக அந்த வீட்டில் யாரும் அடுத்த வார்த்தை பேசுவதில்லை.

சுண்டெலி ஒரு கார். இரண்டே இருக்கை, துணிக்கூரை, பக்கத்தில் நின்றால் இடுப்புக்குக் கீழே அடங்கிவிடும் உயரம். அதற்கு வயது பெரியவரின் வயதுக்கு இரண்டு கம்மி. பெரியவரின் தம்பி, லேத் பட்டறைக்காரன், துருப்பிடித்த கூடாக வாங்கி ஒன்பது வருஷம் தேய்த்துத் தேய்த்து அதற்கு உயிர் கொடுத்தான். அதே வண்டிக்குள் உட்கார்ந்தபடிதான் நாலு மாதத்துக்கு முன் அவன் உயிர் போனது. ஒரு மழைச் சாயங்காலம் மகளை வேலையிலிருந்து கூட்டிவரப் போனவன், கம்பெனி வாசலில் காத்திருந்தபடியே கண்ணை மூடிவிட்டான். ஏற்கெனவே நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். டாக்டர் நெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

போன வாரம் வண்டியை வாங்க ஒருவர் வந்தார். தம்பி மனைவி விற்கலாம் என்றாள். மகள் முடியவே முடியாது என்று வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். வந்தவர் இன்ஜினைப் போட்டுப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு, "முதல்ல சைலன்சர் செட்டை மாத்துங்க, அப்புறம் பேசலாம்" என்று போய்விட்டார். சைலன்சரை மாற்றுவது என்று மட்டும்தான் தாயும் மகளும் ஒத்துப்போனார்கள். அதை மாற்ற ஊரில் பெரியவரை விட்டால் வேறு ஆள் ஏது? அவருடைய தொழிலே அதுதானே.

பட்டறைக் கதவைத் திறந்து அரைமணி ஆகவில்லை, தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

"அண்ணே, சிங்கம் எதுவும் கூண்டுலேர்ந்து தப்பிச்சிருச்சா?" பக்கத்துக் கொட்டகைப் பெயிண்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். "ஓ, நம்ம சுண்டெலியா! ஆளு இத்துனூண்டு, கத்துறதப் பாரு."

வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள் தம்பி மகள். இருபத்திரண்டு வயது. துணி தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. காலைக் குளிரில் மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"இந்தக் குளிர்ல கூரையை மடிச்சுட்டா வந்தே? பைத்தியமா உனக்கு?"

"மூடினா என்னால முடியல பெரியப்பா. மூச்சு அடைக்குது." விரல்களை ஊதிக்கொண்டாள். "நான் போய் டீ வாங்கிட்டு வரேன். உங்களுக்குச் சர்க்கரை போடாமத்தானே?"

"போட்டே வாங்கு. உங்க பெரியம்மா இங்க இல்ல."

அவள் சிரித்தாள். இறந்தவனின் சிரிப்பு அப்படியே இருந்தது. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டி தூக்கும் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

சுண்டெலி முனகிக்கொண்டே மேலே ஏறியது. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்தார். கடைசி சைலன்சர் உப்பித் துருவேறி, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. நடுக்குழாயும் அதே லட்சணம். இன்ஜினிலிருந்து இறங்கும் முன்குழாய், முதல் சைலன்சரோடு சேரும் இடத்துக்கு வந்தபோது விளக்கு நின்றுவிட்டது. நின்றது விளக்கல்ல, கை.

ஒரு தகரம் தொங்கிக்கொண்டிருந்தது. நீலப் பூப்போட்ட பிஸ்கட் டப்பாத் தகரம். அதை வெட்டிக் குழாயில் சுற்றி, பேஸ்ட் பூசி, கம்பியால் கட்டியிருந்தது. கம்பி ஒரு பக்கம் அறுந்து, தகரம் வாயைப் பிளந்திருந்தது.

யார் போட்ட ஒட்டு என்று கேட்கவே வேண்டாம். கம்பியை மூன்று முறுக்கு முறுக்கி நுனியை உள்ளே மடக்குகிற பழக்கம் இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

காசு கொடுக்கிறவன் வண்டி முதலில், வீட்டு வண்டி மிச்சத்தில். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து பெரியவர் வைத்திருந்த சட்டம் அது. மிச்ச நேரம், மிச்சச் சாமான், மிச்சத் தெம்பு. பத்து மாதத்துக்கு முன் தம்பி வந்து, "அண்ணே, குழாய் பொத்துக்கிச்சு, புதுசு மாட்டிக் குடு" என்றபோது வாசலில் நாலு வண்டி நின்றது. "ஆறு மாசம் தாங்கும் போடா, அதுக்குள்ள பாத்துக்கலாம்" என்று பத்து நிமிஷத்தில் சுற்றிக் கொடுத்த தகரம் இது. ஆறு மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் தம்பி செத்துப் போனான்.

அதுவரை கூடப் பெரியவர் சமாளித்துக்கொண்டார். ஒட்டு விட்டுப்போச்சு, அதனால் சத்தம், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினார்.

தகரம் பிளந்த இடத்துக்கு நேர் மேலே, வண்டியின் தரைத் தகட்டில், கரி விசிறி போல அப்பியிருந்தது. விசிறியின் நடுவில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. வயர் போவதற்காக விட்ட ஓட்டை, அதை அடைக்கும் ரப்பரைக் காணோம். விரலை விட்டுப் பார்த்தார். ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் முட்டியது. எடுத்தபோது விரல் கறுப்பு.

மழை. மூடிய துணிக்கூரை. ஏற்றிய கண்ணாடி. குளிருக்கு ஹீட்டர் வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருந்த இன்ஜின். முக்கால் மணி நேரம்.

மூடின இடத்தில் இன்ஜினை ஓட்டாதே என்று இதே பட்டறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவர் அவர். இன்ஜின் புகையில் இருக்கும் விஷத்துக்கு வாசனை கிடையாது. தலை கனக்கும், தூக்கம் வரும், கன்னம் சிவக்கும். தம்பியைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லாம் சொன்னார்களே, "தூங்குற மாதிரியே இருக்கான், கன்னத்தைப் பாரு, எப்படிச் சிவந்திருக்கு" என்று. அவரும்தான் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

கருவிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெரியப்பா, என்ன பண்ணுது?" டீயோடு வந்தவள் பதறினாள்.

"தோள்தான். வேறென்ன."

"வேலையை நாளைக்கு வெச்சுக்கலாமே."

"நாளைக்கு, நாளைக்குன்னு..." மேலே சொல்லாமல் எழுந்தார். "வா, குழாய் வாங்கப் போகலாம்."

அவள் கை கழுவப் போன நேரத்தில் கம்பியை வெட்டித் தகரத்தைக் கழற்றினார். எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் செருகினார். திருடன் போலச் செய்தார். திருடனுக்காவது எடுத்த பொருள் பிரயோஜனப்படும்.

பழைய வண்டிகளுக்குப் பாகம் விற்கும் கடை இரண்டு தெரு தள்ளி. கடைக்கார அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். வாயில் பூட்டு கிடையாது.

"இந்த வண்டிக்கு மூணு தினுசு இருக்கு" என்று மேஜை மேல் வரிசையாகப் போட்டாள். "இது ரேஸ் ஓட்டுறவங்க வாங்குற பெரிய வாய்க் குழாய். போட்டா தெருவே எழுந்து உக்காரும். உங்களுக்கு வேணாம். இது ஸ்டெயின்லெஸ். நீங்க செத்தாலும் அது சாகாது. ஆனா சத்தம் கொஞ்சம் தகர டப்பாவ உருட்டுற மாதிரி இருக்கும். இது சாதா இரும்பு, அசல் வண்டியில வந்த அதே அளவு. தொண்டைய செருமிட்டுப் பேசுற மாதிரி நல்ல கனமான சத்தம். ஆனா அஞ்சாறு வருஷத்துல துரு தின்னுடும்."

"ஸ்டெயின்லெஸ்" என்றார் பெரியவர். "முழு செட்டும். முன்குழாயிலேர்ந்து. கேஸ்கெட், கிளாம்ப், தொங்கவிடுற ரப்பர், எல்லாமே புதுசு. பழசு ஒண்ணும் வேணாம்."

"அண்ணனுக்கு என்னாச்சு? எப்பவும் பழைய கிளாம்ப்பையே தட்டி நிமித்துற ஆளாச்சே!"

தம்பி மகள் இரும்புக் குழாயைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்பா எதைப் போடணும்னு நினைச்சிருப்பார்?"

கடைக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். "இரு, இரு. நீ லேத்காரர் மகளா? சுண்டெலியா வண்டி? அடக் கடவுளே, அப்ப உங்க செட்டு மேல பரண்லதானே இருக்கு!"

ஏணி போட்டு ஏறி ஒரு நீள அட்டைப் பெட்டியை இறக்கினாள். தூசியைத் தட்டினாள். "ரெண்டு தடவை வந்து மூணையும் தட்டித் தட்டிப் பாத்தாரு மனுஷன். தட்டுற சத்தத்துலயே கண்டுபிடிப்பாராம். கடைசில இரும்பைத்தான் எடுத்து வெக்கச் சொன்னாரு. எப்ப வந்து எடுத்துப்பீங்கன்னு கேட்டேன். எழுதிக்கோங்கன்னு அவரே சொன்னாரு."

பெட்டியின் பக்கவாட்டில் தடித்த மையில் எழுதியிருந்ததைத் தம்பி மகள் வாய்விட்டுப் படித்தாள்.

"சுண்டெலி. அண்ணனுக்கு நேரம் கிடைக்கும்போது."

படித்துவிட்டுச் சிரித்தாள், கண் நிறைய நீரோடு. "பாத்தீங்களா பெரியப்பா, உங்களைத் தவிர வேற யாரையும் தொட விட மாட்டாரு."

பெரியவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு வேன் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பும் வரை பார்த்தார்.

"இதையே எடுத்துக்கலாம்" என்றாள் அவள்.

"துருப் பிடிக்கும்மா."

"பிடிச்சா நீங்க மாத்திக் குடுங்க."

இரும்புக்கே தலையாட்டினார். கிளம்பும்போது திரும்பி, "தரை ஓட்டையை அடைக்கிற ரப்பர் ஒண்ணு குடுங்க, இந்த அளவுல" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

"சைலன்சர் மாத்துறதுக்கும் தரை ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு."

தம்பி மகள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டாள்.

மத்தியானம் மாட்ட ஆரம்பித்தார்கள். அவர் உள்ளே நுழைந்து முன்குழாயைப் பூட்ட, அவள் பின்னால் நின்று குழாயின் வாலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வண்டியின் வயிறு நடுவில் இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஓட்டையை ரப்பரால் அடைத்தாகிவிட்டது. கரி மட்டும் அப்படியே இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தார், இரண்டு தடவை. கை போகவில்லை.

"பெரியப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லு."

"அப்பா போன அன்னிக்கு எனக்கு லேட் வேலை எதுவும் இல்ல. சீக்கிரமே முடிஞ்சிருச்சு."

அவர் ஸ்பானரைத் திருப்புவதை நிறுத்தினார்.

"வேலை இருந்துச்சு, அதான் லேட்டுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். கூட வேலை பாக்குறவளுக்குப் பொறந்தநாள். கேக் வெட்டினாங்க. அப்பா வெளிய நிக்கிறாருன்னு தெரியும். வண்டிச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டுது. நிக்கட்டுமே, வண்டிக்குள்ளதானே இருக்காரு, நனையவா போறாருன்னு..." குழாய் அவள் கையில் நடுங்குவது இவர் கையில் தெரிந்தது. "ஆறு மணிக்கு அவருக்கு மாத்திரை. வீட்டுல இருந்துச்சு. நான் நேரத்துக்கு இறங்கி வந்திருந்தா போட்டிருப்பாரு. ஒரு துண்டு கேக்குக்காக எங்க அப்பாவை நான் கொன்னுட்டேன் பெரியப்பா."

இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லம்மா, நீ இல்ல. மூன்றே வார்த்தை, அதற்குப் பின்னால் இன்னும் நாலு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. தலைக்கு மேலே அந்தக் கரி விசிறி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் போல்ட் முடுக்கும் காற்றுத் துப்பாக்கியை எடுத்தார். போல்ட் மேல் வைத்து விசையை அழுத்தினார். பட்டறை அதிர்ந்தது. ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை இன்னும் இறுக்கினார். அது நின்றபோது அவள் அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சொன்னீங்களா?" என்றாள்.

"பிடிச்சுக்கோன்னு சொன்னேன்."

வண்டியைக் கீழே இறக்கி இன்ஜினைப் போட்டார். கனமான, நல்ல சத்தம். மெல்ல முன்னால் நகர்த்தியதும் பின்னால் டங், டங் என்று இரும்பு இரும்போடு மோதியது.

பெயிண்டர் ஓடி வந்தார். குனிந்து பார்த்துவிட்டு நம்ப முடியாமல் நிமிர்ந்தார். "என்னண்ணே இது! சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே எல்லா கிளாம்ப்பையும் இறுக்கிட்டீங்களா? எடை இறங்கினா ஆக்ஸில் மேல வந்து குழாயை இடிக்கும்னு எனக்கே தெரியும். நான் சாயம் பூசுறவன்!"

"போடா, உன் வேலையைப் பாரு."

"தப்பா சொல்லலண்ணே. வயசாயிடுச்சா, காதலா? ரெண்டுல ஒண்ணு."

முப்பத்தோரு வருஷத்தில் இந்தத் தப்பை அவர் செய்ததில்லை. இந்த முறை சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, எடையை இறக்கி, மல்லாந்து படுத்து, கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சரி செய்தார். தோள் உயிரைப் பிடுங்கியது. பிடுங்கட்டும் என்று விட்டார்.

தம்பி மனைவி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை அவளுக்கு. நாளெல்லாம் சுடுநீரில் கிடந்து விரல் நுனி வெளுத்து ஊறியிருந்தது. முறைப்படி மூத்தார் என்றாலும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"முடிஞ்சுதா மாமா?"

பதிலுக்கு இன்ஜினைப் போட்டுக் காட்டினார். அவள் வண்டியின் மூக்கில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இந்தச் சத்தத்தைத்தான் வாயால போட்டுக் காட்டுவாரு, சாப்பிடும்போது. எனக்கு எரிச்சலா வரும். தட்டைப் பாத்துச் சாப்பிடுங்கன்னு திட்டுவேன்." மகள் பக்கம் திரும்பினாள். "வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். நீயே வெச்சுக்கோ. விக்க வேணாம். அவரோட ஒன்பது வருஷம் இது. யாரோ ஒருத்தனுக்கு எதுக்கு?"

பெரியவர் இன்ஜினை நிறுத்தினார்.

மகள் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "வேணாம்மா. வித்துடலாம்."

"என்னடி இது? போன வாரம் படியில உக்காந்து ரகளை பண்ணினவ நீதானே?"

"அதுல உக்காந்தா என்னால முடியலம்மா. கேக்காதே. என்னால முடியல, அவ்வளவுதான். வாங்க வந்தவரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. மகளைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தபடி சொன்னாள். "அப்ப இங்கயே நிக்கட்டும் மாமா. அவர் மெக்கானிக்கோட வருவாராம், லிஃப்ட்ல ஏத்தி அடியெல்லாம் பாக்கணுமாம். பழைய குழாய் இருந்தா அதையும் வெச்சிருக்கச் சொன்னார். எறிஞ்சுடலையே?"

"இல்ல."

"உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம். அண்ணன் இருக்கான், அண்ணன் பாத்துப்பான்னு எதுக்கெடுத்தாலும் சொல்லுவாரு. அது நெசம்தான்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்புங்க" என்றார் பெரியவர். குரல் அதட்டல் போல வந்தது.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். தாய் ஏதோ கேட்க, மகள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே போனாள். அந்த வயதுக்கு அவள் தோள் அப்படிக் குனிந்திருக்கக் கூடாது. பெரியவர் வாசல் வரை போனார். கூப்பிட வாயைத் திறந்தார். அவர்கள் முனை திரும்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். அவர் அவளுக்குக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு உண்மை: உங்கப்பா செத்தது நீ லேட்டா வந்ததால இல்லம்மா, நான் சுத்தின தகரத்தால. அதை அவர் இன்னும் கொடுக்கவில்லை.